வேலூர் பக்கம் ஓப்பன் சோர்ஸ் டெஸ்டிங்குக்கு ஆள் சேக்கறது எப்படி

ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை (கோட யாரும் பாக்கலாம், மாத்தலாம்னு தெறந்து வெச்சிருக்கறது) டெஸ்ட் பண்ண ஆள் வேணும்னா நம்மாளுங்க மொதல்ல ஓடறது காலேஜுக்குத்தான், செமினார் ஹால் புக் பண்ணி, சர்டிஃபிகேட் உண்டுன்னு போஸ்டர் அடிச்சு. கூட்டம் வரும், போட்டோ நல்லா வரும், பக் (சாஃப்ட்வேர்ல இருக்கற கோளாறு) மட்டும் வராது. அந்தப் பசங்கள குத்தம் சொல்ல முடியாது, லிப்ரேஆஃபீஸ்ல (வேர்ட், எக்ஸெல் மாதிரி வேலைக்கான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) அவங்களுக்கு சொந்த வேலைன்னு ஒண்ணும் கெடையாது, தெறந்து நாலு வரி அடிச்சுப் பாத்துட்டு "நல்லாத்தானே இருக்கு அண்ணா"ன்னு மூடிடுவாங்க. நமக்கு வேண்டியது காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அதே ஸ்க்ரீன பாத்துகினு உக்காந்திருக்கறவங்க. டிடிபி கடைக்காரர், ஆம்பூர் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனில சம்பளக் கணக்கு போடறவர், ஆடிட்டர் ஆபீஸ் அக்கா, பத்திர ஆபீஸுக்கு எதிர்ல டாக்குமெண்ட் அடிச்சுக் குடுக்கறவர், இவங்கள்லாம்தான்.

இவங்க கிட்ட போய் "டெஸ்டிங்"னு ஆரம்பிச்சா முடிஞ்சுது. "இன்னா தம்பி, நமக்கு அந்த கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் வராது"ன்னுடுவாங்க. அந்த வார்த்தையே வேணாம். "அண்ணே, போன மாசம் அடிச்ச கல்யாணப் பத்திரிகை ஃபைல இதுல தெறந்து பாருங்க, எங்க கடுப்பாவுதோ அத மட்டும் சொல்லுங்க" அவ்ளோதான். கடுப்பாவற எடத்த சொல்ல யாருக்கும் ட்ரெய்னிங் தேவயில்ல.

அடுத்த கேள்வி கண்டிப்பா வரும், "என் சிஸ்டம் போயிடுமா?" இதுக்கு தெளிவா பதில் வெச்சுக்குங்க. லிப்ரேஆஃபீஸோட ஆல்ஃபா, பீட்டா (ரிலீஸுக்கு முன்னாடி வர்ற சோதனை வெர்ஷன்) ரெண்டும் லிப்ரேஆஃபீஸ்டெவ்னு தனியா இன்ஸ்டால் ஆகும், ஏற்கெனவே இருக்கறத தொடாது. ஆனா ரிலீஸ் கேண்டிடேட் (பீட்டாவுக்கு அப்பறம், ரிலீஸுக்கு கொஞ்சம் முன்னாடி வர்றது) அப்படி இல்ல, பழசு மேலயே உக்காந்துரும், அத கடை மெஷின்ல போடாதீங்க. ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசரோட சோதனை வெர்ஷனான நைட்லியும் தனி ப்ரொஃபைல்லதான் ஓடும், உங்க பழைய புக்மார்க், பாஸ்வேர்ட தொடாது. எதுவா இருந்தாலும் ஃபைலோட காப்பிலதான் வேல செய்யணும், ஒரிஜினல்ல கை வைக்கக் கூடாது. 2011ல இருந்து அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப் நெறய வீட்ல பரண்ல தூங்குது, ஓடற நெலமைல இருந்தா அத எடுங்க, புது லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, ஆனா ஓப்பன் சோர்ஸ்) ஒண்ண பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க. ராம் கம்மியான பழைய மெஷின்ல வைஃபை எடுக்குதா, ஸ்பீக்கர்ல சத்தம் வருதா, மூடித் தெறந்தா முழிச்சுக்குதான்னு யாராவது பாத்துச் சொன்னா டெவலப்பருக்கு அது பெரிய உதவி, அவங்க டேபிள்ல பெரும்பாலும் புது மெஷின்தான் இருக்கும்.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு பலம் இருக்கு, அத யாரும் கண்டுக்கறதில்ல. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் போனா தமிழும் உருதும் ஒரே நோட்டீஸ்ல அடிப்பாங்க, குடியாத்தம் காட்பாடி தாண்டினா தெலுங்கு. வலப்பக்கம் இருந்து எழுதற உருதுவும் தமிழும் ஒரே பாராவுல வந்து, நடுவுல போன் நம்பரும் அடைப்புக்குறியும் வந்தா எது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கணும். எங்கயோ ஜெர்மனில உக்காந்து கோட் எழுதறவருக்கு அது தப்பா சரியான்னு கண்ணால பாத்தா தெரியாது, நம்ம பிரஸ் பாய்க்கு ஒரு செகண்ட்ல தெரியும்.

தமிழ்ல என்ன பாக்கச் சொல்லலாம்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு சொல்றேன். ஒண்ணு, ஸ்ரீபுரம்னு அடிச்சுத் தேடறது. ஸ்ரீ யூனிகோட்ல ரெண்டு விதமா வரும், பழைய வழி ஸ வெச்சு, 2005ல சேந்த ஶ வெச்சு இன்னொண்ணு, நெறய ஃபான்ட்ல ரெண்டும் அச்சா ஒரே மாதிரிதான் தெரியும். ஒருத்தர் ஒரு விதமா அடிச்ச ஃபைல்ல இன்னொருத்தர் வேற கீபோர்ட வெச்சு தேடுனா கெடைக்குதான்னு பாருங்க. கெடைக்கலன்னா அது சாஃப்ட்வேர் பக் தானா, இல்ல அடிச்சவர் தப்பான்னு அங்கயே ஒரு சண்ட நடக்கும், நடக்கட்டும், டெஸ்டர் உருவாவறது அந்த சண்டைலதான். ரெண்டாவது, கால்க்ல (லிப்ரேஆஃபீஸோட எக்ஸெல் மாதிரி பகுதி) சம்பள லிஸ்ட்ட பேர் வாரியா சார்ட் பண்றது. அகரவரிசைப்படி ஜெயந்தி கடைசில போவணும், எழுத்தோட யூனிகோட் நம்பர் வரிசைல போட்டா சாந்திக்கும் ஞானத்துக்கும் நடுவுல வந்து நிப்பாங்க.

மொத பக் கெடச்சதும் அவங்கள தனியா விட்டுடாதீங்க, ஆள் கழண்டுக்கறதே இங்கதான். பக்கத்துல உக்காருங்க. அவங்க தமிழ்ல சொல்லட்டும், வாய்ஸ் நோட்டா கூட அனுப்பட்டும், இங்கிலீஷ்ல எழுதறது உங்க வேல. என்ன செஞ்சாங்க, என்ன வரும்னு நெனச்சாங்க, என்ன வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் வருதா, இந்த நாலும் போதும். கூடவே ஹெல்ப் மெனுல அபௌட்டுக்குள்ள வெர்ஷன் விவரம் காப்பி பண்ண பட்டன் இருக்கு, அத அமுக்கி ஒட்டிடுங்க. பக்ஸில்லா (பக்கெல்லாம் பதிவு பண்ற வெப்சைட்) அக்கவுண்ட் மட்டும் அவங்க பேர்லயே இருக்கட்டும், அவங்களுக்கும் ஒரு பிடிப்பு இருக்கும். டெவலப்பர் திருப்பிக் கேள்வி கேட்டா நீட்இன்ஃபோன்னு, அதாவது இன்னும் விவரம் வேணும்னு, நிக்கும், ரொம்ப நாள் பதில் போவலன்னா மூடிடுவாங்க, அதனால வாரம் ஒரு தடவ நீங்களே பாத்து நெனப்பூட்டுங்க.

இது ரொம்ப முக்கியம், பக்ஸில்லால ஏத்தற ஃபைல் ஊருக்கே தெரியும். சம்பள ஷீட்ட அப்படியே ஏத்திட்டா தொழிலாளிங்க பேரு, அக்கவுண்ட் நம்பர் எல்லாம் வெளில போயிடும், ஆதார் நம்பர் இருந்தா கேக்கவே வேணாம். பேர மாத்தி, நம்பர மாத்தி, அப்பவும் அந்த பக் வருதான்னு பாத்துட்டு அப்பறம் ஏத்துங்க.

சொந்தமா பக் எதுவும் மாட்டாதவங்களுக்கு, ஏற்கெனவே யாரோ போட்டு அன்கன்ஃபர்ம்டா (இன்னும் உறுதியாவாம) கெடக்கற பக்க செஞ்சு பாத்து "எனக்கும் வருது", "எனக்கு வரல"ன்னு சொல்ற வேலய குடுங்க. இன்னொருத்தர் உறுதி பண்ணாதான் அது நகரும், அரை மணி நேர வேலதான், காலேஜ் பசங்களுக்கு இதுதான் பொருத்தம்.

பிரியாணி போட்டு கூப்புடலாமான்னு கேட்டா, போடுங்க, ஆனா பிரியாணிக்கு வர்றவங்க பிரியாணியோட போயிடுவாங்க. ஆள நிக்க வைக்கறது பதில்தான். அவங்க சொன்ன பக் சரியாச்சுன்னா அன்னிக்கே போன் பண்ணி சொல்லுங்க, முடிஞ்சா அது சரியான புது வெர்ஷன எடுத்துனு கடைக்கே போய் அதே ஃபைல தெறந்து காட்டுங்க. சரியாவலன்னா அதயும் மறைக்காம சொல்லிடுங்க, சில பக் வருஷக்கணக்கா கெடக்கும்.

நேரத்தையும் பாத்துக்குங்க. லிப்ரேஆஃபீஸ் பெரிய வெர்ஷன் பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் வருது, பீட்டா அதுக்கு ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடி. பிப்ரவரி வெர்ஷனுக்குன்னா டிசம்பர்லயே டிடிபி கடைய புடிச்சுடுங்க, தை முகூர்த்தத்துக்கு பத்திரிகை வேல ஏற ஆரம்பிச்சா அண்ணன் போனே எடுக்க மாட்டாரு.