ஃபிஸ்டுலா கையை வீட்டில் தினமும் பார்ப்பது எப்படி?

டயாலிசிஸ் எடுப்பவருக்கு ஃபிஸ்டுலாதான் உயிர்நாடி. கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துவிடுவார்கள், அந்த இணைப்புதான் ஃபிஸ்டுலா. தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்து சிரை தடிக்கும், ஊசி அதில்தான் ஏறும். 1966-இல் வெளியான முறை, இன்றும் இதுவே முதல் தேர்வு.

படி 1: காலை வெளிச்சத்தில் கையைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சீழ் இருக்கிறதா? புடைத்த இடத்தில் தோல் மெலிந்து பளபளக்கிறதா? இருந்தால் அன்றே மருத்துவமனை.

படி 2: இதுதான் முக்கியம். அறுவைத் தழும்பின் மேல் விரல்களை லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். ஓடுகிற வல்லத்தின் (மீன்பிடிப் படகு) இன்ஜின் பெட்டியைத் தொட்டதுபோல விடாமல் ‘கிர்’ரென்று அதிரும். அதிர்வு போய் ‘டக் டக்’ என்று கெட்டியாகத் துடித்தால் மேலே எங்கோ அடைப்பு இருக்கலாம். ஒன்றுமே தெரியவில்லையா? ரத்தம் உறைந்திருக்கலாம். மண்டபம், தொண்டி மாதிரிக் கடலோர ஊர்களிலிருந்து மருத்துவமனைக்குப் போய்வரும் அலைச்சலை நினைத்து அடுத்த டயாலிசிஸ் நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் போனால்தான் காப்பாற்ற வழியுண்டு.

படி 3: கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். புடைத்த சிரை தளர்ந்து அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். ஜெல் தடவி கருவியை மெல்ல நகர்த்துவார்கள், வலிக்காது. திரையில் சிவப்பும் நீலமும் வருவதைப் பார்த்துப் பலர் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைத்தான் நிறம் காட்டுகிறது. ரிப்போர்ட்டில் மூன்று எண்களைக் கேளுங்கள். அறுவை முடிந்து சுமார் 6 வாரத்தில் சிரை 6 மி.மீ. அகலம், தோலிலிருந்து 6 மி.மீ.க்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மி.லி. ரத்த ஓட்டம் இருந்தால் ஊசிக்குத் தயார் என்று பொதுவாகக் கணக்கு. கொஞ்சம் குறைந்தாலும் பயப்பட வேண்டாம், டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

அப்புறம், கடலோரத்துக்காரர்களுக்கு: அந்தக் கையில் வலைக்கயிற்றைச் சுற்றாதீர்கள், மீன்கூடையைத் தொங்கவிடாதீர்கள். பாசி எடுக்கப் போகும் அக்காமார், ஊசித் துளை ஆறும்வரை கடல்தண்ணீரில் கையை நனைக்காதீர்கள். முகாமில் பிரஷர் பார்த்தாலும் ரத்தம் எடுத்தாலும் மற்றக் கையை நீட்டுங்கள்.

ரத்தம் பீறிட்டால் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்காமல், அந்த இடத்தையே விரலால் அழுத்திப் பிடித்து, கையைத் தூக்கி, 108-ஐ அழையுங்கள்.