3.31-ஆ, 3.73-ஆ? பிக்கப் டிரக் வாங்குமுன் பார்க்க வேண்டிய ஓர் எண்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் எத்தனை லிட்டர், குதிரைத்திறன் எவ்வளவு, டேஷ்போர்டில் திரை எத்தனை அங்குலம் என்று எல்லாம் விசாரிப்பார்கள். பின் அச்சுக்குள் (ஆக்ஸில்) இருக்கும் இரண்டு பல்சக்கரங்களைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அவற்றின் விகிதமான ஆக்ஸில் ரேஷியோதான் தலைப்பில் உள்ள எண். டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேடு ஏறும்போதுதான் அவை ஞாபகத்துக்கு வரும்.

நான் பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஒன்றை வாங்கியபோது, "3.73 ஆக்ஸில்தான், எதை மாட்டினாலும் இழுக்கும்" என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தேன். 3.31 தான் இருந்தது. அன்றைக்கு வந்த கோபத்தில்தான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: அந்த எண் என்ன சொல்கிறது?

எஞ்சினின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுவரும் நீண்ட தண்டான டிரைவ் ஷாஃப்ட் பின் அச்சுக்குள் நுழையும் இடத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரம் இருக்கும். அது பினியன். அது சுற்றிவிடும் பெரிய சக்கரத்தை நம் ஊர் லாரிப் பட்டறையில் கிரவுன் என்பார்கள், அமெரிக்காவில் ரிங் கியர். பெரியதன் பற்களைச் சின்னதன் பற்களால் வகுத்தால் வருவதுதான் ஆக்ஸில் ரேஷியோ. 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. 43-ஐ 13-ஆல் வகுத்தால் 3.31. டயர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் டிரைவ் ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்றியாக வேண்டும்.

கியர் சைக்கிள் ஓட்டியிருந்தால் இது உடனே பிடிபடும். மேட்டில் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் மிதிப்பது லேசாகும், ஆனால் கால் வேகமாகச் சுற்ற வேண்டும். 3.73 அந்த மாதிரி. 3.31-இல் கால் மெதுவாகச் சுற்றும், மிதிக்க அழுத்தம் கூடுதலாக வேண்டும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். எண் பெரிதாக இருப்பதைத்தான் அமெரிக்க மெக்கானிக்குகள் 'லோ' கியர் என்பார்கள். அந்தப் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். எண் பெரிதானால் இழுவை கூடும், எஞ்சின் சுற்றும் கூடும்.

படி 2: உங்கள் வண்டியில் எது இருக்கிறது?

ஃபோர்டு என்றால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆக்ஸில் குறியீட்டைப் பாருங்கள். எஃப்-150-இல் எல்9 என்றால் 3.55, எல்6 என்றால் 3.73. செவர்லே, ஜிஎம்சி பழைய வண்டிகளில் முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டிக்குள் மூன்றெழுத்துக் குறியீடுகள் நிறைந்த ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜியூ4 என்றால் 3.08, ஜியூ5 என்றால் 3.23, ஜியூ6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. ராம் 1500-இல் 3.21, 3.55, 3.92 என்று வரும். வண்டி புதிதாக வந்தபோது ஜன்னலில் ஒட்டிய விலைச் சீட்டில் அது எழுதியிருக்கும்.

லேபிள் கிழிந்திருந்தாலோ, முந்தைய உரிமையாளர் கியரை மாற்றியிருப்பாரோ என்று சந்தேகம் வந்தாலோ, கையால் எண்ணிவிடலாம். நான் செய்தது இதுதான்:

1. சமதரையில் நிறுத்தி, முன் டயர்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கம் ஒரு டயரை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.
2. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். நான்கு சக்கர வண்டியானால் இரண்டு சக்கர நிலையில் இருக்கட்டும்.
3. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, டிரைவ் ஷாஃப்டில் ஒரு கோடு. நண்பர் ஒருவர் டயரை மெதுவாகச் சுற்ற, நீங்கள் ஷாஃப்டின் கோட்டை எண்ணுங்கள்.

இரு பக்க டயர்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்புதான் டிஃபரன்ஷியல். ஒரு டயர் தரையில் நிற்கும்போது சாதாரண டிஃபரன்ஷியலில் தூக்கிய டயர் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதனால் டயரை 20 சுற்று சுற்றிவிட்டு, ஷாஃப்ட் சுற்றிய எண்ணிக்கையைப் பத்தால் வகுக்கவும். இரண்டே சுற்றோடு நிறுத்தினால் 3.55-க்கும் 3.73-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இருபது சுற்றில் அது முப்பத்தைந்தரைக்கும் முப்பத்தேழேகாலுக்கும் உள்ள வித்தியாசமாகிவிடும். என் வண்டியில் 33 முழுச் சுற்று முடிந்து, கோடு ஒரு விரல் அகலம் தாண்டி நின்றது. அதற்கு மேல் வாக்குவாதம் தேவைப்படவில்லை. லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் இருந்தால் இப்படி ஒரு டயரை மட்டும் சுற்றவிடாது. அதற்கு இரண்டு பின் டயர்களையும் தூக்கி, பத்துச் சுற்று எண்ணினால் போதும்.

படி 3: எஞ்சின் சுற்றைக் கணக்கிடுங்கள்

வேகத்தை 336-ஆல் பெருக்கி, ஆக்ஸில் ரேஷியோவாலும், அப்போது போட்டிருக்கும் கியரின் ரேஷியோவாலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். வேகம் மணிக்கு எத்தனை மைல் என்பதில், விட்டம் அங்குலத்தில்.

ஃபோர்டின் 10 கியர் ஆட்டோமேட்டிக்கில் பத்தாவது கியர் 0.64. டயர் 32 அங்குலம். மணிக்கு 65 மைலில் 3.31 ஆக்ஸிலோடு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,446 சுற்று சுற்றும், 3.73 ஆக்ஸிலோடு சுமார் 1,629 சுற்று. வித்தியாசம் சுமார் 180 சுற்றுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்குப் பாதி கோபம் தணிந்துவிட்டது.

படி 4: இழுவை

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதே 10 கியர் பெட்டியில் முதல் கியரின் 4.70-ஐயும் ஆக்ஸில் ரேஷியோவையும் பெருக்குங்கள். 3.31-க்கு 15.6, 3.73-க்கு 17.5. அதாவது டயருக்குப் போகும் முறுக்குவிசை 13 சதவீதம்போலக் கூடுகிறது. படகை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைச் சரிவிலிருந்து ஏறும்போது இது நன்றாகவே தெரியும்.

சரி, பழைய நான்கு கியர் செவர்லேயைப் பாருங்கள். அதன் முதல் கியர் 3.06. அதில் 4.10 ஆக்ஸில் போட்டால்கூடப் பெருக்கல் 12.5 தான் வருகிறது. இன்றைய 10 கியர் வண்டி 3.31-ஐ வைத்துக்கொண்டே அதைத் தாண்டிவிடுகிறது. "இழுக்கணும்னா 4.10 வேணும்" என்ற பழைய பேச்சு அந்தக் காலக் கியர்பாக்ஸுக்குப் பொருந்தியது. இன்றைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனாலும் பெரிய எண்ணுக்கு ஒரு நன்மை மிச்சம் இருக்கிறது. அது கிளம்புவதைவிட ஹைவேயில்தான் தெரியும். டிரெய்லரோடு ஒரு நீண்ட மேட்டில் மணிக்கு 65 மைல் போகிறீர்கள், எஞ்சினுக்கு 1,750 சுற்று இருந்தால் வசதி என்று வைத்துக்கொள்வோம். 3.73 வண்டி ஒன்பதாவது கியரில் 1,757-இல் நிதானமாக நிற்கும். 3.31 வண்டிக்கு ஒன்பதில் 1,559, எட்டில் 1,920. ஒன்பதில் திணறும், எட்டுக்கு இறங்கும், மேடு கொஞ்சம் தணிந்ததும் மறுபடி ஒன்பதுக்கு ஏறும், மறுபடி திணறும். கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாவதும், பின் இருக்கையில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்வதும் இதனால்தான்.

நிறுவனங்கள் போடும் இழுவை எடையும் ஆக்ஸிலைப் பொறுத்து மாறும். ஜே2807 என்ற பரிசோதனை முறையில் 12 சதவீதச் சரிவில் நின்று கிளம்பிக் காட்ட வேண்டும். அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கம் 11.4 மைல் ஏற்றத்தை, ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். ராம் 1500-இல் அதே 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினுக்கு 3.21-க்கும் 3.92-க்கும் இடையே 2,000 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வருவதைப் பார்க்கலாம். நிறுவனம் வெளியிடும் அந்த ஆண்டின் இழுவைக் கையேட்டில் (டோயிங் கைடு) உங்கள் கேபின், எஞ்சின், ஆக்ஸில் மூன்றும் சேரும் வரியைத் தேடிப் படியுங்கள். விளம்பரத்தில் வரும் பெரிய எண் பெரும்பாலும் வேறு யாரோ வாங்கும் வண்டிக்கானது.

இழுவை எடை கூடினாலும் பேலோடு, அதாவது வண்டியே சுமக்கக்கூடிய எடை, கூடாது. 6,500 பவுண்டு டிரெய்லர் கொக்கியில் 13 சதவீதம் அழுத்தினால் 845 பவுண்டு. கதவு நிலையில் மஞ்சள் பட்டையோடு இருக்கும் லேபிளில் 1,500 என்று எழுதியிருந்தால், குடும்பத்துக்கும் சாமானுக்கும் மீதி 655 பவுண்டுதான். நிறையப் பேர் இடிபடுவது இங்கேதான். ஆக்ஸில் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

படி 5: மைலேஜ்

65 மைல் வேகத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி எந்த ஆக்ஸிலுக்கும் ஒன்றுதான். ஆனால் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உராய்வுக்கும், பாதி மூடிய த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) வழியே காற்றை உறிஞ்சுவதற்கும் கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கிறது. சுற்று குறைந்தால் அந்தச் செலவு குறையும். காலி வண்டியில் 3.31 மிச்சப்படுத்துவது அதைத்தான். டிரெய்லர் மாட்டிவிட்டால் எப்படியும் கியர் இறங்கிவிடுவதால் அந்த மிச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

வேகத்தைப் பாருங்கள். 65-இலிருந்து 75-க்குப் போனால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. உயரமான டிரெய்லர் பின்னால் இருக்கும்போது இதற்கு முன்னால் ஆக்ஸில் வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

அப்புறம் டயர். அழகுக்காக 32 அங்குலத்தை எடுத்துவிட்டு 35 போட்டால், 3.55 ஆக்ஸில் 3.25 போல நடந்துகொள்ளும். பழைய இழுவை வேண்டுமானால் 3.92 பக்கம் போக வேண்டும்.

எதை வாங்குவது?

மாதம் இரண்டு மூன்று முறை 6,000 பவுண்டுக்கு மேல் இழுப்பவர் பெரிய எண்ணைத் தொழிற்சாலையிலிருந்தே வாங்கிவிடுங்கள். பின்னால் மாற்றுவது பெரிய செலவு. நான்கு சக்கர வண்டியில் முன் அச்சையும் சேர்த்தே மாற்ற வேண்டும், கம்ப்யூட்டரிலும் புது ரேஷியோவைப் பதிய வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை படகை ஏரிக்கு இழுப்பவருக்கும், தினமும் ஹைவேயில் காலியாக ஓட்டுபவருக்கும் சின்ன எண்ணே போதும். முடிவெடுக்க முடியவில்லை என்றால் நடுவில் இருக்கும் 3.55.

என் 3.31-ஐ நான் மாற்றவில்லை. டிரெய்லர் மாட்டியதும், இழுவைக்கென்றே உள்ள டோ-ஹால் மோடைப் போடுகிறேன். நீண்ட மேடு வருவதற்குச் சற்று முன்னால் கியர் கம்பியில் உள்ள மைனஸ் பொத்தானைத் தட்டி, எட்டுக்கு மேல் போகாமல் நிறுத்திவிடுகிறேன். 1,920 சுற்றில் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஆனால் கியர் ஏறி இறங்குவது நின்றுவிடுகிறது.