மூளையைப் பற்றிப் புத்தகம் எடுக்கிறீர்களா? கடைசிப் பக்கங்களில் தொடங்குங்கள்

நூலகத்தில் யாராவது வந்து "மூளையைப் பற்றி நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்" என்றால், முதலில் நான் கேட்பது இதுதான்: அதில் உங்களுக்கு எது தெரியணும்? மறதியா, தூக்கமா, கோபமா, மொழியா? அதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புத்தகம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களைத் திறந்து, சொல்லடைவில் ஃபினியஸ் கேஜ் என்ற பெயரைத் தேடுங்கள். 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடி வைக்கும்போது, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் சுமார் 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி இவருடைய இடது கன்னத்தில் புகுந்து மண்டையின் மேற்பக்கமாக வெளியேறியது. மனிதர் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு குணம் கெட்டு, எந்த வேலையிலும் நிலைக்காமல் போனார் என்று பல புத்தகங்கள் அத்தோடு கதையை முடித்துவிடும். ஆனால் அவர் பிற்பாடு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளின் கடிவாளத்தை ஒரே நேரத்தில் கையாளணும், பயணிகளிடம் பேசணும், நேரத்துக்குக் கிளம்பணும். அடிபட்ட மூளை எவ்வளவு தேறக்கூடும் என்பதற்கு அந்த வண்டிதான் சாட்சி. சிலியைச் சொல்லும் ஆசிரியரை நான் நம்பி வாசிப்பேன். சொல்லாதவரை ஒதுக்கவேண்டியதில்லை, மற்ற பக்கங்களைக் கொஞ்சம் உஷாராகப் படித்தால் போதும்.

அடுத்து நியூரான், அதாவது மூளையின் நரம்புச் செல், எண்ணிக்கை. பத்தாயிரம் கோடி என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 2009இல் வெளிவந்த கணக்குப்படி சுமார் 8,600 கோடி. அதிலும் பெரும்பகுதி சிறுமூளையில்தான் இருக்கிறது. இந்த எண்ணிக்கை இருந்தால் ஆசிரியர் புதிய ஆய்வுகளைப் பார்க்கிறார் என்று அர்த்தம். "மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம்", "நீங்கள் இடது மூளைக்காரரா, வலது மூளைக்காரரா" என்று ஆரம்பித்தால் யோசிக்கவே வேண்டாம், அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

மனம், முடிவெடுத்தல் பற்றிய புத்தகங்களுக்கு வெளியான ஆண்டு ரொம்ப முக்கியம். உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கும் குறைவானவற்றில்தான் பழைய முடிவு மறுபடி கிடைத்தது. உளவியலாளர் டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' வந்தது 2011இல். அதில் கண்ணுக்குப் படும் சொற்கள் நம் நடத்தையை மாற்றுவதாகச் சொல்லும் அத்தியாயத்தில், சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். அந்த அத்தியாயத்தை மட்டும் சந்தேகத்தோடு படியுங்கள். அப்படி ஒப்புக்கொண்டதால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

நோயாளிகளின் கதைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மனைவியின் தலையைத் தொப்பி என்று நினைத்து எடுக்கப் போனவரைப் பற்றி நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய புத்தகம் 1985இல் வந்தது, இன்றும் அதைத்தான் முதலில் கொடுக்கிறேன். அருகில் உட்கார்ந்து கவனித்து எழுதியது சீக்கிரம் பழசாவதில்லை.

சரி, அது முடிந்ததும் மூளை ஆய்வாளர் எரிக் காண்டலின் 'இன் சர்ச் ஆஃப் மெமரி'யை எடுங்கள். கடல் நத்தை ஒன்றை வைத்து நினைவு எப்படிப் பதிகிறது என்று கண்டுபிடித்த கதையை அவரே சொல்கிறார். நரம்புச் செல் படம் வரும் இடங்களில் நிதானமாகப் போங்கள், பக்கத்தில் ஒரு தாளில் நீங்களும் வரைந்து பாருங்கள். தடிமனான பாடநூல்களை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.