ஹெச்.ஆர். படிக்க வந்தாச்சா? முதலில் ஒரு சம்பளச் சீட்டை எடுங்கள்

ஏன் ஹெச்.ஆர். (மனிதவள மேலாண்மை) எடுத்தாய் என்று முதலாண்டு மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ‘நாலு பேரோடு பழகப் பிடிக்கும்’ என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் சம்பளத்தில் இருநூறு ரூபாய் குறைகிறதே என்று ஒருவர் வந்து நின்றால், அவருக்குக் கணக்குச் சொல்லத் தெரியவேண்டும். அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: சீட்டைப் படியுங்கள்

அப்பாவிடமோ அக்காவிடமோ கேட்டு ஒரு சம்பளச் சீட்டு வாங்குங்கள். பேசிக் எனும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000, மற்ற படிகள் 5,000, மொத்தம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) பிடித்தம் 13,000-க்கு 12 சதவீதம், அதாவது 1,560. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) மொத்தச் சம்பளத்துக்கு 0.75 சதவீதம், 135. கைக்கு வருவது 16,305. ஒன்றை 13,000-க்கும் இன்னொன்றை 18,000-க்கும் போடுகிறோமே, ஏன்? இந்தக் கேள்வியோடு வகுப்புக்குப் போங்கள், பாடம் தானாகப் பிடிபடும். நிறுவனம் தன் பங்காக இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்டுகிறது. அது சீட்டில் தெரியாமலும் போகலாம்.

அடுத்து கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை. 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 500. அதை 15-ஆல் பெருக்கினால், ஒரு வருட வேலைக்கு 7,500. முப்பதால் வகுக்காமல் 26-ஆல் வகுப்பது, வார விடுமுறைகளைக் கழித்துவிடுவதால். இது கிடைக்க நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். என் பெரியம்மா நாலரை வருடத்தில் வேலையை விட்டார். இன்னும் ஆறு மாதம் பொறுங்கள் என்று சொல்ல அந்த அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனால்தான்.

படி 2: சீனியர் நோட்ஸைச் சரிபாருங்கள்

29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கி 2019-லும் 2020-லும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறையில் உள்ளன. பழைய நோட்ஸில் பழைய சட்டப் பெயர்கள்தான் இருக்கும். பக்கத்திலேயே புதியதை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: வெளியே போங்கள்

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு மாலை நடந்து, எத்தனை கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதில் யாராவது உட்கார்கிறார்களா என்று பாருங்கள். சட்டத்தில் எழுதியிருப்பதும் கடைக்குள் நடப்பதும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை எந்த செமஸ்டர் பேப்பரும் இப்படிக் காட்டாது. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட ஊர் இது. அந்த வரலாற்றையும் படித்துவிடுங்கள்.

படி 4: இன்டர்ன்ஷிப்

ஓ.எம்.ஆர். ஐ.டி. அலுவலகத்தைவிட அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையையே நான் சொல்வேன். ஷிப்டு, ஓவர்டைம், கேன்டீன், சங்கம் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். நேர்காணல் அறையைவிட டைம் ஆபீஸில் அதிக நேரம் உட்காருங்கள். வருகைப்பதிவு சம்பளமாக மாறுவது அங்கேதான். கொஞ்சம் பழகியதும் கேளுங்கள்: இங்கே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு யார் தருகிறார்கள்?