சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

சிங்கப்பூரின் பேரங்காடிகளான ஃபேர்பிரைஸிலோ ஷெங் சியோங்கிலோ சாஸ் அடுக்கின் முன் நின்றால், கண் முதலில் தள்ளுபடி அட்டைக்குத்தான் போகும். பாட்டிலைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ, அதுதான் அதில் முதலில் வரும்.

சிப்பி சாஸில் இது நன்றாகத் தெரியும். லீ கும் கீ நிறுவனத்தின் பாண்டா வகையில் வழக்கமாகத் தண்ணீர், சர்க்கரை, உப்புக்குப் பிறகே சிப்பிச் சாறு வருகிறது. அதே நிறுவனத்தின் பிரீமியம் வகையில் சிப்பிச் சாறுதான் முதலிடம். கீரை வதக்கலுக்கு நான் பிரீமியத்தைத்தான் எடுப்பேன். கூடுதல் விலைக்கு அது தகும்.

சோயா சாஸுக்குச் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் இருந்தாலே போதும். கிக்கோமன் அப்படிப்பட்டது. ‘ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்’ (நொதிக்க வைக்காமல் சிதைத்தெடுத்த தாவரப் புரதம்) என்று கண்டால் வைத்துவிடுங்கள். இயற்கையாக நொதித்த மணம் அதில் கிடைக்காது.

வீட்டில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) செய்கிறீர்களா? இந்தோனேசியாவின் ஏபிசி கிச்சாப் மானிஸ் என்ற இனிப்புச் சோயா சாஸை வாங்குங்கள். சூடான வாணலியின் ஓரமாக ஒரு கரண்டி விட்டால், பனைவெல்லப் பாகுபோல் நுரைத்து, மீ முழுவதும் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும்.

சைவ உணவுக்காரர்கள் சம்பல் (மிளகாய் விழுது) பாட்டிலை அவசியம் படிக்க வேண்டும். பலவற்றில் பெலாச்சான் இருக்கும்; அது இறாலில் செய்வது. சிப்பி சாஸுக்குப் பதில் காளான் சாஸ் கிடைக்கிறது.

புதிய பிராண்டு என்றால் சிறிய பாட்டிலே போதும். திறந்தபின் சோயா சாஸையும் சிப்பி சாஸையும் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அடுப்பு மேடையில் வைத்தால் மணம் சீக்கிரம் போய்விடும்.