நீச்சல் குளத்தில் நம்பக் கூடாத நம்பிக்கைகள்

நீரில் மூழ்குகிறவர் கைகளை உயர்த்தி அசைத்து, 'காப்பாற்றுங்கள்' என்று கத்துவார் என்பது திரைப்படங்களைப் பார்த்து நாம் வளர்த்துக்கொண்ட எண்ணம். மூச்சுக்குத் திணறும் ஒருவரால் உண்மையில் பேச முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அந்த ஒரு கணத்தில் உடல் காற்றை இழுக்குமே தவிர குரல் எழுப்பாது. கைகளும் மேலே எழுவதில்லை; தலையை மேலே வைத்திருப்பதற்காக அவை தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. உடல் செங்குத்தாக இருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும். கரையில் இருப்பவர் கண்ணுக்குக் குழந்தை நின்றுகொண்டு விளையாடுவதைப் போலவே தோன்றும். இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடி வரைதான் நீடிக்கும். ஆகவே, சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று நாற்காலியில் சாய்ந்திருப்பதே தவறுகளில் முதலாவது. பேச்சும் சிரிப்பும் நின்றுபோன பிள்ளையின் பக்கமே கண் முதலில் திரும்ப வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கப்படும் வீடுகளிலும், பல அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், குளம் இருந்தாலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. பிறந்தநாள் விருந்தில் பத்துப் பெரியவர்கள் கரையில் இருப்பார்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணுவதால், ஒருவரும் பார்க்காத சில நிமிடங்கள் உருவாகிவிடுகின்றன. இதற்கு வழி எளிது. ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு 15 நிமிடம் குளத்தை மட்டும் பார்க்கட்டும். பிறகு அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்கட்டும். நீந்தத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு இதுவும் போதாது. பெரியவர் ஒருவர் கை நீட்டினால் தொடும் தொலைவில் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டைகளையும் இடுப்பு வளையங்களையும் பாதுகாப்புக் கருவிகளாக எண்ணுவது பெற்றோரிடம் மிகப் பரவலான தவறு. கைப்பட்டை நழுவும், காற்று இறங்கும். வளையம் கவிழ்ந்தால் பிள்ளையின் தலை நீருக்குள்ளும் கால்கள் மேலேயுமாக மாட்டிக்கொள்ளும்.

ஆழத்தைக் கண்ணால் அளப்பதும் ஆபத்தானது. ஒளி விலகுவதால், நேர் மேலிருந்து பார்க்கும்போதே குளம் உண்மையான ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்காகத்தான் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். இடுப்பளவு என்று நினைத்து இறங்குபவருக்கு நீர் மார்பைத் தாண்டிவிடும். மறுபுறம், தலைகீழாகப் பாய்வதற்குக் குறைந்தது 9 அடி ஆழம் வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. நான்கைந்து அடிக் குளத்தில் அப்படிப் பாய்ந்து தரையில் தலை மோதினால் கழுத்தெலும்பு முறிந்து, கை கால்கள் வாழ்நாள் முழுதும் செயலிழக்கக்கூடும்.

நன்றாக நீந்துபவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. நீருக்கடியில் யார் அதிக நேரம் இருப்பது என்று போட்டி வைத்து, இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விடுகிறார்கள். மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவே. வேகமான சுவாசம் அந்த வாயுவைக் குறைத்துவிடுவதால், உயிர்வளி தீர்ந்துகொண்டிருக்கும்போதும் தவிப்பு வருவதில்லை; எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்புகிறது. சாப்பிட்டவுடன் நீந்தாதே என்று கண்டிக்கும் பெரியவர்கள், அதைவிடப் பன்மடங்கு ஆபத்தான மதுவோடு குளத்தில் இறங்கும் இளைஞரைக் கண்டிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இறங்குவதற்கு முன் தரையைப் பாருங்கள். அடியிலுள்ள வடிகாலின் மூடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீர் கலங்கியிருந்தாலும், அந்த மூடி உடைந்திருந்தாலும் இறங்கக் கூடாது. மோட்டார் இயங்கும்போது வடிகாலின் உறிஞ்சுவிசை நீண்ட கூந்தலையும் தளர்வான உடையையும் இழுத்துப் பிடித்துவிடும். அமெரிக்காவில் 2002-இல் ஒரு சிறுமி இப்படிச் சிக்கி இறந்ததைத் தொடர்ந்தே, பாதுகாப்பான வடிகால் மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது.

ஒருவர் மூழ்குவதைக் கண்டதும் பயிற்சி இல்லாதவர் குதிப்பதால் இருவர் சிக்கிக்கொள்கிறார்கள். பதற்றத்தில் இருப்பவர் கைக்குக் கிடைத்தவரைப் பற்றிக் கீழே அழுத்துவார். கரையில் படுத்தபடி கம்பையோ துண்டையோ துப்பட்டாவையோ நீட்டுங்கள், மிதக்கும் எதையாவது எறியுங்கள். வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. இதனால் வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்பதோடு, மூளைக்கு உயிர்வளி கிடைக்காத விலைமதிப்பற்ற நிமிடங்களும் வீணாகின்றன. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு இல்லையென்றால், பயிற்சி பெற்றவர் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு, மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பயிற்சி இல்லாதவர் மார்பை அழுத்துவதையாவது உடனே தொடங்க வேண்டும். நினைவு திரும்பி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதைத் தவிர்க்கக் கூடாது, ஏனெனில் நுரையீரலுக்குள் போன நீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் ஏற்படலாம்.