கிரேக்கத் தீவுத் தையல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூல் சிக்குவது, விரலில் ஊசி குத்துவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை பழகப் பழகத் தானே சரியாகிவிடும். 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை கிரேக்கத் தீவுகளில் பெண்கள் தலையணை உறை, படுக்கை விரிப்பு, கட்டில் திரை என்று சீதனத்துக்காகத் தைத்துச் சேர்த்தார்கள். அந்த வேலையைப் பார்த்துத் தைக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள் வேறு ரகம். பாதி நானும் செய்ததுதான், அதனால் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டு சிவப்பு வாங்குவது

நாக்சோஸ் தீவுத் தையலைப் படத்தில் பார்த்தால் அடர்சிவப்பு இலையும் வெளிர்சிவப்பு இலையும் மாறி மாறித் தெரியும். உடனே கடைக்குப் போய் இரண்டு சிவப்பில் நூல் வாங்கி வந்துவிடுகிறார்கள். வேலை அங்கேயே கெட்டது.

அசலில் இருப்பது ஒரே சிவப்பு. முறுக்கில்லாத பட்டுநூலால், லினன் இழைகளை எண்ணி எண்ணி, நெருக்கமான ஓட்டுத்தையலாகப் போட்டிருப்பார்கள். ஒரு இலையில் தையல் நெடுக்காக ஓடும், பக்கத்து இலையில் குறுக்காக. வெளிச்சம் ஒன்றில் பட்டுத் தெறிக்கும், இன்னொன்றில் அடங்கிவிடும். துணியை ஜன்னலோரம் பிடித்துக் கால்வட்டம் திருப்பினால், இருண்டிருந்த இலை பளிச்சென்று எழும்பும், பளிச்சிட்டது மங்கிப்போகும்.

முறுக்கிய பருத்தி நூலில் இந்த வித்தை நடக்காது. என்னிடம் வந்த ஒரு பெண், சொல்லச் சொல்லக் கேட்காமல் இரண்டு சிவப்புப் பருத்தியில் ஒரு தலையணை உறையை முழுதாக முடித்துக் கொண்டுவந்தார். கணக்கில் ஒரு இழை பிசகவில்லை. ஆனால் எப்படித் திருப்பினாலும் அச்சடித்த துணி போலவே கிடந்தது.

நூல் பட்டாக இருந்தாலும், பாதியில் திசையை மாற்றிப் போட்டால் கதை அதே. பிரித்துக்கொள்ளலாம் என்பார்கள். முறுக்கில்லாத பட்டைப் பிரித்தால் பிசிறிப் பஞ்சாகிவிடும், மறுபடி ஊசியில் ஏறாது. அந்தச் சிவப்புப் பிசிறு வெள்ளை இழைகளுக்குள் மாட்டிக்கொண்டு ரோஸ் மங்கலாகத் தங்கும். நூலும் போச்சு, துணியும் போச்சு. அதனால் முதலில் நான்கே நான்கு இலைகளைத் துண்டுத் துணியில் தைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! நேராக உறையில்தான் கை வைக்கிறார்கள்.

துணியை எண்ணாமல் தொடங்குவது

ஒரு அங்குலத்துக்குப் பாவு (நெடுக்கு இழை) எத்தனை, ஊடை (குறுக்கு இழை) எத்தனை என்று எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். இரண்டும் சமமில்லையென்றால் சதுரமாக வரவேண்டிய டிசைன் நீண்டுகொள்ளும்.

கார்பன் பேப்பர்

டிசைனைத் துணியில் வரைந்துகொள்வது இழை எண்ணித் தைக்கும் நாக்சோஸ் வேலைக்கு ஆகாது. கிரீட் தீவு வேறு. அங்கே பாவாடையின் கீழ் ஓரத்தில் வரும் கார்னேஷன் பூ, இரட்டைத் தலைக் கழுகு, கடற்கன்னி எல்லாம் இழைக் கணக்குக்குக் கட்டுப்படாமல் வளைந்து ஓடுபவை. அதற்கு வரைந்துகொள்வதில் தப்பில்லை.

ஒட்டுப்போட்ட துணி என்று ஒதுக்குவது

வீட்டுத் தறியில் அகலத் துணி வராது. குறுகிய துணிகளை நெய்து பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தார்கள். ரோட்ஸ் தீவின் ஸ்பெர்வேரி, அதாவது கட்டிலைச் சுற்றித் தொங்கும் கூடாரத் திரை, மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகளை இணைத்ததுதான். பிற்காலத்தில் இத்தகைய திரைகளைப் பிரித்துத் துண்டு துண்டாக விற்றிருக்கிறார்கள். பழைய துண்டு வாங்கும்போது ஓரத்தில் பிரித்த தையல் தடம் இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்பதற்கு அது ஒரு தடயம்.

எல்லா ஊரையும் ஒரே துணியில் கலப்பது

ஸ்கைரோஸ் தீவின் கப்பல் டிசைனுக்குப் பக்கத்தில் எபிரஸ் டியூலிப் பூ வேண்டாம். எபிரஸ் ஒரு தீவே கிடையாது, நிலப்பகுதி.

பழைய துணியைத் துவைப்பது

துவைக்காதீர்கள். பின்பக்க ஓரத்தில் ஈரப் பஞ்சை அழுத்தி எடுத்தால் சிவப்பு இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இறங்கினால் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாமல், மடிப்பு விழாதபடி வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள்.